சி.ஏ. படிப்பு: மதிப்பெண் கணக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் கணக்கும்

சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பு கடினம் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதம் இறுதித் தேர்வின் இரண்டு குரூப்பையும், அதாவது தாள்களின் இரண்டு தொகுதியையும், ஒருசேர எழுதியவர்களில் தேறியவர்கள் 19.88 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் 13.44. ஆனால் இதில் வருடங்களைத் தொலைப்பவர்கள் எல்லாரும் பாடம் தெரியாமல் தொலைப்பதில்லை. பதிவுக்கான கடைசித் தேதியைக் கோட்டை விட்டவர்கள், குரூப்பை யோசிக்காமல் பிரித்து எழுதியவர்கள், ஒரு சி.ஏ.விடம் பெறும் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் முழுக்க வரி ரிட்டர்ன் டைப் அடித்தே கழித்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எந்த கோச்சிங் சென்டர் நல்லது என்று ஊரெல்லாம் விசாரிக்கிற வீட்டில், எந்த ஆபீஸில் ஆர்ட்டிகிளாகச் சேர்வது என்று விசாரிப்பது அபூர்வம். பின்னால் கிடைக்கப்போகும் வேலையை முடிவுசெய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மூன்று படி, 42 மாதம்

படிப்பை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், அதாவது ஐசிஏஐ. 1949ஆம் ஆண்டு இதற்கென்றே இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்தது. 2023 ஜூலை 1 முதல் புதிய திட்டம் நடப்பில் இருக்கிறது. மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டாகக் குறைந்தது; இன்டர்மீடியட்டிலும் ஃபைனலிலும் எட்டெட்டாக இருந்த தாள்கள் ஆறாறு ஆயின. ஆகவே ஐந்தாறு வருடத்துக்கு முன் தேறிய சீனியர் தரும் யோசனையில் பாதி இன்று செல்லாது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஐசிஏஐ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

முதல் படி ஃபவுண்டேஷன். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் எழுதலாம். அறிவியல் பிரிவு மாணவர்களுக்குக் கணக்குப் பதிவியல் புதிது என்பதால் முதல் இரண்டு மாதம் சற்றுத் திணறும், அவ்வளவே. மொத்தம் நான்கு தாள். கணக்கியலும் வணிகச் சட்டமும் விரிவாக எழுதும் தாள்கள். கணிதம், தர்க்கம், புள்ளியியல் மூன்றும் சேர்ந்த தாளும் பொருளியலும் கொள்குறி வகை. இவை இரண்டில் மட்டும் ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் கழியும். வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றப் பட்டதாரிகள் 60 சதவீதமும் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே இன்டருக்குப் போகலாம்.

தமிழ் வழியில் படித்து வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விடையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழுக்கு இடமில்லை. கணக்கியல் தாளில் இது பெரிய தடையாக இருக்காது. சட்டத் தாளில்தான் அடி விழும். விதி இது, இந்த வழக்கின் உண்மை இது, ஆகவே முடிவு இது என்று மூன்று பத்தியில் ஆங்கிலத்தில் எழுதக் கை பழக வேண்டும். வாசித்துப் புரிந்துகொள்வதோடு நின்றுவிடாமல் தினமும் இரண்டு விடையாவது எழுதிப் பார்த்தால் நான்கு மாதத்தில் இது வசப்படும். மொழிக்குப் பயந்து இந்தப் படிப்பையே விட்டுவிடத் தேவையில்லை.

ஃபவுண்டேஷனுக்கு நான்கு மாதப் படிப்புக் காலம், இன்டருக்கு எட்டு மாதம், ஆர்ட்டிகிள்ஷிப் 24 மாதம், அதற்குப் பிறகு ஃபைனல் எழுத ஆறு மாத இடைவெளி. கூட்டினால் 42 மாதம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் காலமும் அடுத்த தேர்வு வரைக்குமான இடைவெளியும் இதில் சேரவில்லை. ஒரு தாள்கூடத் தவறாமல் போகிறவர்களுக்கே நான்கு வருடம் ஆகிவிடும். இடையில் ஒன்றிரண்டு அட்டெம்ப்ட் சறுக்கினால் ஐந்து என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்வதுதான் நியாயமானது.

ஃபவுண்டேஷன், இன்டர் தேர்வுகள் இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. பதிவுக்கான கெடு பொதுவாக ஜனவரி 1, மே 1, செப்டம்பர் 1 என்ற தேதிகளை ஒட்டி வரும். ஒரு நாள் தவறினால் நான்கு மாதம் போச்சு. பட்டப்படிப்பை முடித்துவிட்டு நேரடியாக வருபவர்கள், கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது. கடைசி ஆண்டில் இருக்கும்போதே தற்காலிகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது.

நாற்பது, ஐம்பது, அறுபது

இன்டரும் ஃபைனலும் இரண்டு குரூப். குரூப்புக்கு மூன்று தாள், 300 மதிப்பெண். தேற ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பின் கூட்டுத்தொகையில் 150 வேண்டும். கேட்க எளிது. ஆனால் இந்த இரண்டு நிபந்தனையும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை எண் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒருவர் 42, 45, 58 எடுக்கிறார். எல்லாத் தாளிலும் 40க்கு மேல், மொத்தம் 145. ஐந்து மதிப்பெண்ணில் குரூப் போயிற்று. அடுத்த முறை மூன்று தாளையும் மறுபடி எழுத வேண்டும். இன்னொருவர் 38, 44, 66 எடுக்கிறார். ஒரு தாளில் 40கூட இல்லை; அவரும் தோல்விதான். ஆனால் ஒரு தாளில் 60ஐத் தாண்டியதால் அதற்கு அடுத்த மூன்று தேர்வு வரை விலக்கு கிடைக்கும். அது மட்டுமல்ல, அடுத்த முறை மொத்தம் போடும்போது அந்த 66 சேர்த்துக்கொள்ளப்படும். மீதி இரண்டு தாளில் அவருக்கு 84 போதும், அதாவது சராசரி 42. முதலாமவரைவிட மூன்று மதிப்பெண்தான் கூடுதல். அடுத்த அட்டெம்ப்ட்டில் இவர் சுமை மூன்று தாளுக்குப் பதில் இரண்டுதான்.

இதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு தாளையாவது 60க்குமேல் வரும்படி தயார்செய்யச் சொல்கிறார்கள். எல்லாத் தாளையும் 50க்குப் படித்தால் எல்லாம் 46இலும் 48இலும் வந்து நின்றுவிடும். எதற்கும் விலக்கும் இருக்காது. மூன்று வாய்ப்பும் தீர்ந்துபோனால் அந்த விலக்கை நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்போது விதி மாறிவிடும்: மீதித் தாள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே 50 எடுத்தாக வேண்டும்.

இரண்டு குரூப்பையும் ஒரே தேர்வில் எழுதினால் இன்னொரு சலுகை உண்டு. முதல் குரூப்பில் 141, இரண்டாவதில் 162 என்று வைத்துக்கொள்வோம். பிரித்து எழுதியிருந்தால் முதல் குரூப் தோல்வி. சேர்த்து எழுதியதால் 600க்கு 303. எந்தத் தாளும் 40க்குக் குறையாதவரை இரண்டும் தேர்ச்சி. கை கொஞ்சம் பலவீனமான குரூப்பை வலுவான குரூப் தூக்கிவிடுகிறது. தவிரவும், புதிய திட்டத்தில் இன்டரின் இரண்டு குரூப்பும் முடிந்த பிறகே ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும். ஒன்று இப்போது, மற்றது அடுத்த தடவை என்று பிரிப்பவருக்குத் தேறினாலும் நான்கு மாதம் பின்னால் போகிறது. ஆறு தாளையும் ஒருமுறைகூட முழுதாகத் திருப்பிப் பார்க்க முடியாத நிலையில் இருப்பவர் பிரித்து எழுதட்டும். மற்றவர்கள் சேர்த்து எழுதுவதுதான் கணக்குக்குச் சரி.

விடைத்தாளில் மதிப்பெண் எங்கே கசிகிறது என்பதும் தெரிந்த விஷயமே. இன்டரிலும் ஃபைனலிலும் 30 மதிப்பெண் கொள்குறிக் கேள்விகள், கழிவு மதிப்பெண் இல்லை. ஆகவே ஒன்றைக்கூட நிரப்பாமல் விட்டு வருவது வீண். கணக்குத் தாள்களில் ஒர்க்கிங் நோட்டுக்கும் மதிப்பெண் உண்டு. கடைசி விடை தப்பானாலும் படிகள் தெளிவாக இருந்தால் கணிசமாகக் கிடைக்கும். தணிக்கைத் தாளில் தரநிலையின் எண்ணைத் தவறாகக் குறிப்பிடுவதைவிட எண் போடாமல் பொருளை எழுதுவது மேல். வரித் தாளில் எந்த நிதிச் சட்டம்வரை பொருந்தும் என்பதை ஐசிஏஐ வெளியிடும் ஆர்டிபி என்ற மாதிரி வினாத் தொகுப்பு சொல்லிவிடும். அதைத் திறந்து பார்க்காமல் அண்ணனின் பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பது இப்போது முன்பைவிட ஆபத்து. ஏனென்றால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கும் போய் வரி ஆண்டு என்ற ஒன்றே வந்திருக்கிறது.

ரிசல்ட்டில் சந்தேகம் வந்தால் விடைத்தாள் நகல் வாங்கலாம், கூட்டலைச் சரிபார்க்கச் சொல்லலாம். மறுமதிப்பீடு என்ற ஏற்பாடு கிடையாது. அதை நம்பி அடுத்த அட்டெம்ப்ட்டுக்குப் பணம் கட்டாமல் காத்திருக்க வேண்டாம்.

எந்த ஆபீஸ்?

இன்டர் முடிந்து, கணினிப் பயிற்சியும் அறிமுக வகுப்புமான ஐசிஐடிஎஸ்எஸ்ஸையும் முடித்தால் ஆர்ட்டிகிளாகச் சேரலாம். சேர்ந்த 30 நாளுக்குள் படிவம் 103ஐ இணையத்தில் ஏற்ற வேண்டும். பயிற்சி தரும் சி.ஏ.வான பிரின்சிபல் செய்வார் என்று மாணவரும், மாணவர் செய்வார் என்று ஆபீஸும் விட்டுவிடுவதால் தாமதக் கட்டணம் கட்டுவது வழக்கமான கதை. வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை நேரமாக விதியில் இருக்கிறது. வரித் தணிக்கைக் கெடு நெருங்கும் செப்டம்பர் கடைசி வாரத்தில் அந்த எண்ணைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பெரிய நெட்வொர்க் ஃபர்ம், நடுத்தர ஃபர்ம், ஒருவரோ இருவரோ நடத்தும் சிறிய ஆபீஸ் என மூன்று வகை. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி போன்ற இடங்களில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் தணிக்கை, இந்தியக் கணக்கியல் தரநிலைகளின் நுணுக்கம், ஆவணப்படுத்தும் ஒழுங்கு எல்லாம் கிடைக்கும். பெயரும் ரெஸ்யூமேயில் நிற்கும். ஆனால் இரண்டு வருடமும் ஒரே கம்பெனியின் நிலையான சொத்து, ரொக்க இருப்பு என்று ஒரு மூலையிலேயே போய்விடலாம். வரி ரிட்டர்ன் ஒன்றுகூடத் தாக்கல் செய்யாமல் வெளியே வருகிறவர்கள் உண்டு. சிறிய ஆபீஸில் வருமான வரி, ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு, வங்கிக் கடனுக்கான புராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாவற்றையும் கை தொடும். ஆழம்தான் பிரின்சிபலின் அக்கறையைப் பொறுத்தது. சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு 15, 20 பேர் இருக்கும் நடுத்தர ஃபர்ம்தான் நல்ல பயிற்சிக்களம் என்று தோன்றுகிறது. பன்னாட்டுக் கம்பெனி வேலையை மனதில் வைத்திருப்பவர் பெரிய ஃபர்முக்கே முயல்வது நல்லது.

நல்ல ஆபீஸில் என்ன கற்கலாம் என்பதற்கு ஒரு வேலையைப் பார்ப்போம். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் வரித் தணிக்கை. துணி பின்னுவது, சாயம் போடுவது, காம்பேக்டிங், எம்பிராய்டரி எல்லாம் வெளியே ஜாப் ஒர்க். மார்ச் 31 அன்று பாக்கி வைத்திருக்கும் தொகைகளின் பட்டியலை ஆர்ட்டிகிளிடம் கொடுப்பார்கள். 1961 சட்டத்தின் 43பி(எச்) பிரிவுப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்திருக்க வேண்டும். கெடு தாண்டி வருடக் கடைசியில் பாக்கி நின்றால் அந்தச் செலவு அந்த வருடக் கணக்கில் ஏற்கப்படாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம்.

பட்டியலில் சாயப்பட்டறையின் பெயரும் நூல் வியாபாரியின் பெயரும் அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொருவரிடமும் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவைக் காட்டும் உத்யம் சான்றிதழ் வாங்கிப் பார்க்க வேண்டும். நடுத்தர நிறுவனம் என்று இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. வெறும் வியாபாரி என்றாலும் பொருந்தாது. பதிவுத் தேதி பில் தேதிக்குப் பிந்தியதா என்று பார்க்க வேண்டும். 45 நாள் என்று கிளையன்ட் சொல்கிறார், எழுத்தில் ஒப்பந்தம் எங்கே? பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் ஒரு வரி இருந்தால் போதுமா? தேதியை எண்ணத் தொடங்குவது பில் நாளிலிருந்தா, சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தேடி, கடைசியில் இத்தனை லட்சம் வருமானத்தோடு சேர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுக்கும் ஆர்ட்டிகிள், சட்டப் புத்தகத்தின் 20 பக்கத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடுகிறார். நேர்முகத் தேர்வில் இதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

மறுபக்கம் டம்மி ஆர்ட்டிகிள்ஷிப். பதிவில் மட்டும் பெயர் இருக்கும். ஆள் கோச்சிங் வகுப்பிலோ வேறு வேலையிலோ இருப்பார். கண்டுபிடிக்கப்பட்டால் அந்தக் காலம் ரத்தாகும், பிரின்சிபல் மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும். பிடிபடாமல் தப்பினாலும் ஃபைனல் தணிக்கைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். சரக்கு இருப்பைக் கண்ணால் எண்ணிப் பார்க்காத ஒருவர் அதைத் தணிக்கை செய்வது பற்றி மனப்பாடமாக எழுதும் விடை, படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

சேர்வதற்கு முன் அந்த ஆபீஸில் இப்போது இருக்கும் ஆர்ட்டிகிள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன வேலை பார்த்தார்கள், வேலையைப் பார்த்துத் திருத்துவது யார், ஆபீஸ் மாற வேண்டுமென்றால் அனுமதி தருவார்களா என்று கேளுங்கள். ஸ்டைபெண்ட் எவ்வளவு என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். கடைசி வருடத்தில் ஒன்பது முதல் 12 மாதம் வரை ஒரு கம்பெனியில் தொழிலகப் பயிற்சி பெறவும் வழி உண்டு. வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பழைய திட்டத்தைப் போல மாதக்கணக்கில் படிப்பு விடுப்பு இப்போது இல்லை. அதற்கு ஈடாகத்தான் பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதம். இடையில் ஏ, பி, சி, டி என்ற நான்கு தொகுதிகள் கொண்ட இணையவழிப் பாடங்களை ஒவ்வொன்றிலும் 50 சதவீதத்தோடு முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைனலுக்கு விண்ணப்பிக்க முடியாது. முதல் தொகுதியில் கம்பெனிச் சட்டமும் பொருளாதாரச் சட்டங்களும், இரண்டாவதில் செலவுக் கணக்கியல், இவை கட்டாயம். மற்ற இரண்டும் விருப்பப் பாடம். கடைசி ஆறு மாதத்துக்கு இவற்றைத் தள்ளிப்போடுபவர்கள் ஃபைனலுக்கான நேரத்தை இதற்குக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். ஃபைனலின் ஆறாவது தாள் பல பாடங்களைக் கலந்த கேஸ் ஸ்டடி, புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். எளிது என்று எண்ண வேண்டாம். எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும்.

தேறிய பிறகு

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும், விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும், சி.ஏ. ஒருவர்தான் தணிக்கை செய்ய முடியும். இந்தப் பிரத்தியேக உரிமைதான் தொழிலின் அஸ்திவாரம். அதன் மறுபுறம் பொறுப்பு: இடும் ஒவ்வொரு சான்றுக்கும் 18 இலக்க யூடிஐஎன் என்ற தனி அடையாள எண் எடுக்க வேண்டும், பெரிய கம்பெனிகளின் தணிக்கையை 2018இல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையமான என்எஃப்ஆர்ஏ கண்காணிக்கிறது. வருமான வரித் தீர்ப்பாயம், கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஆகியவற்றில் கட்சிக்காரருக்காக நேரில் வாதாடலாம். உயர் நீதிமன்றம் போனால் வக்கீல்தான். வழக்குப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் சட்டமும் படித்துக்கொள்வது அதனால்தான்.

புதிதாகத் தேறுபவர்களில் நிறையப் பேர் வேலைக்கே போகிறார்கள். ஐசிஏஐ நடத்தும் கேம்பஸ் தேர்வு ஒரு வழி. சென்னையிலும் இப்போது கோவையிலும் இயங்கும் பன்னாட்டுக் கம்பெனிகளின் சேவை மையங்கள் மாத இறுதிக் கணக்கு முடிப்பு, உள்கட்டுப்பாட்டுச் சோதனை, குழுமக் கணக்குத் தொகுப்பு ஆகியவற்றுக்கு ஆள் எடுக்கின்றன. இங்கே மூன்று வருடத்துக்கு மேல் ஒரே செயல்முறையில் தங்கினால் வளர்ச்சி நின்றுவிடும். திட்டமிடல், பகுப்பாய்வு பக்கம் நகர்வது நல்லது. உற்பத்திக் கம்பெனியில் தொடங்குபவருக்குச் சம்பளம் ஆரம்பத்தில் குறைவாக இருக்கலாம், ஆனால் செலவு, வங்கி, வரி, கொள்முதல் என்று எல்லாம் கண்ணில் படும். நிதித் துறைத் தலைவர் பதவிக்கு இந்தப் பாதை நேரானது. உள்நாட்டு, வெளிநாட்டுக் கிளைகளுக்கு இடையிலான விலை நிர்ணயம், கம்பெனி வாங்கல் விற்றலுக்கு முந்தைய ஆய்வு, மோசடிப் புலனாய்வு ஆகியவை பெரிய ஃபர்ம்களின் தனித் துறைகள். மூன்று வருட அனுபவத்தோடு தேர்வெழுதிப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆகலாம். பத்து வருட அனுபவம் இருந்தால் 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் கீழ் தீர்வு நிபுணராகலாம்.

சொந்த ஆபீஸ் போடுபவருக்கு முதல் தடை வாடிக்கையாளர். நினைத்தபடி விளம்பரம் செய்யவோ ஆள் பிடிக்கவோ நடத்தை விதி இடம் தராது. தெரிந்தவர் சொல்லி வருவதுதான் வழி, அது மெல்லத்தான் வரும். முதல் இரண்டு வருடத்துக்கு வீட்டுச் செலவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த நாள்களில் தாங்கிப் பிடிப்பது ஜிஎஸ்டி மாத வேலையும் உள்தணிக்கை ஒப்பந்தங்களும். சென்னையில் இப்படித் தனியாகத் தொழில் நடத்தியவர்களில் ஒருவர்தான் 1933இல் தேறிய ஆர். சிவபோகம், நாட்டின் முதல் பெண் கணக்காளர்.

வங்கிக் கிளைத் தணிக்கைக்கு ஐசிஏஐயின் எம்இஎஃப் என்ற பதிவுப் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் நிரப்ப வேண்டும். ஒதுக்கீடு கிடைத்தால் ஏப்ரல் முதல் இரண்டு வாரம் தூக்கமில்லை. கிளையில் முதலில் கேட்க வேண்டியது வாராக்கடனாகக் கருதப்படும், 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள கடன்களின் பட்டியல். அதைவிட முக்கியம் பட்டியலில் வராதவை: மூன்று மாதத்துக்கு முந்தைய சரக்கு அறிக்கையை வைத்து இன்னும் பணம் எடுக்கப்படும் கேஷ் கிரெடிட் கணக்குகள், புதுப்பிக்க வேண்டிய நாள் கடந்து 180 நாளாகியும் புதுப்பிக்காத கடன் வரம்புகள், மார்ச் கடைசி வாரத்தில் வட்டி கட்டப்பட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் அதே தொகை வெளியே போன கணக்குகள். இந்த மூன்றையும் கணினியிலிருந்து தனித்தனியாக எடுத்துத் தரும்படி மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.